பூநாரைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

தை மாதம், ஞாயிறு. காலை 5.45. அனுப்பம்பட்டு

பழவேற்காட்டுக்குப் படமெடுக்கப் போகிறவர்களின் லென்ஸ் பேச்சு ரயிலிலேயே ஆரம்பித்துவிடும். சென்ட்ரலில் கிளம்பிய கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் மீஞ்சூரை விட்டு அனுப்பம்பட்டில் நிற்கும்போது, மடியில் கிடந்த பைகள் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கும். அடுத்தது பொன்னேரி. அங்கே இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

பைக்குள் இருப்பதைப் பெரும்பாலும் பார்க்காமலே சொல்லிவிடலாம். டாம்ரான் அல்லது சிக்மாவின் 150-600, நிக்கானின் 200-500, சோனியின் 200-600 ஆகியவற்றில் ஒன்று இருக்கும். டாம்ரான் தன் 150-600ஐ அறிவித்தது 2013 கடைசியில். அதுவரை 600 மி.மீ. என்பது பெரும்பாலும் பல லட்ச ரூபாய் விலையுள்ள பிரைம் லென்ஸ். மாதச் சம்பளக்காரர் கண்காட்சியில் தொட்டுப் பார்த்துவிட்டு வரும் பொருள். அடுத்த ஆண்டு சிக்மா வந்தது, 2015இல் நிக்கான் 200-500, 2019இல் சோனி. பறவைப் படம் பொழுதுபோக்காகப் பரவியதற்கு இந்த நாலைந்து ஜூம்கள் முக்கியக் காரணம். எல்லாமே சுமார் இரண்டு கிலோ எடை. கடையில் கையில் வாங்கும்போது அது தெரியாது, கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் நின்றால் தெரியும்.

இவ்வளவு கனம் அனுப்பம்பட்டுக்குத் தேவையே இல்லை. இந்தப் பக்கத்து நெல்வயல்களில் கொக்கும் மடையானும் மனிதர்களுக்குப் பழகியவை. வரப்பிலிருந்து 25 மீட்டரில் நின்று மேயும். கிராப் சென்சார் கேமராவில் சாதாரண 250 மி.மீ. லென்ஸ் போட்டாலே சின்னக் கொக்கு படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்கும். நத்தை குத்தி நாரை அதைவிடப் பெரிது. இருந்தும் 600 வைத்திருப்பவர் வயலை ஏறெடுத்துப் பார்க்காமல் ஏரிக்குப் போகிறார்.

காலை 7.00. ஏரிக்கரை

இங்கே கணக்கு மாறுகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பரப்பு பெரிது, ஆழம் கொஞ்சம். பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். பூநாரை கூட்டமாக வருவது இந்த ஆழமின்மையைத் தேடித்தான். தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை அலகால் வடிகட்டித் தின்னும் பறவைக்கு முழங்கால் அளவு தண்ணீர் போதும். அந்த முழங்கால் தண்ணீர் கரையிலிருந்து வெகுதூரத்தில், ஏரிக்கு நடுவிலும் கிடைக்கிறது என்பதுதான் படமெடுப்பவரின் கஷ்டம். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆகவே கரைதான் கதி. ஆந்திரப் பக்கம் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் ஊடாகவே செல்வதால், பலர் வண்டி பிடித்து அங்கே போய்விடுகிறார்கள்.

பெரும் பூநாரையின் உயரம் சுமார் 1.4 மீட்டர். அது 200 மீட்டர் தள்ளி நிற்கிறது, கேமரா 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால், 600 மி.மீ. லென்ஸ் அந்தத் தூரத்தில் 12 மீட்டர் அகலமும் 8 மீட்டர் உயரமும் உள்ள காட்சியைப் பிடிக்கும். பறவை அதில் ஆறில் ஒரு பங்கு. பிக்சலில் சொன்னால் 700. 300 மி.மீ. என்றால் 350. அதே 600ஐ அதே மெகாபிக்சல் கொண்ட 1.5 கிராப் பாடியில் மாட்டினால் 1,050 வரும். ‘கிராப் பாடி லென்ஸை நீளமாக்கும்’ என்று சொல்வது இதைத்தான். உண்மையில் லென்ஸ் நீள்வதில்லை, சின்ன சென்சார் படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் அதே பூநாரை நூறு பிக்சலைக்கூட எட்டாது, ரோஜா நிறத்தில் ஒரு புள்ளியாக இருக்கும்.

கரையில் நடக்கும் சண்டை வேறு. லென்ஸின் துளை அளவு 5.6 நல்லதா, 6.3 போதுமா? இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப். ஐ.எஸ்.ஓ.வை 800லிருந்து 1000க்கு ஏற்றினால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு ஒரு டீ ஆறிப்போகும் வரை வாதம் நடக்கிறது.

காலை 9.15

கானல் ஏறிவிட்டது. ஒப்பீட்டுப் பட்டியல் எதிலும் இல்லாத காரணி இது. வெயில் ஏற ஏறச் சேறும் கரை மணலும் நீரைவிட வேகமாகச் சூடாகும். சூடான காற்று மேலெழ, குளிர்ந்த காற்று கீழிறங்க, வெவ்வேறு அடர்த்தியுள்ள அடுக்குகள் கலங்கி ஒளியை அங்குமிங்கும் வளைக்கும். 200 மீட்டர் தூரமும் அந்தக் கலங்கலின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். விளைவு: பூநாரையின் கால்கள் நெளிகின்றன, கழுத்தின் விளிம்பு இரட்டையாகிறது. ஃபோகஸ் சரி, ஷட்டர் 1/2000, முக்காலி அசையவில்லை. படம் மட்டும் மங்கல்.

புதிதாக வாங்கியவர் இந்த நேரத்தில்தான் தன் லென்ஸில் குறை இருப்பதாக முடிவு கட்டுகிறார். பக்கத்தில் இருப்பவரின் லென்ஸை வாங்கி மாட்டிப் பார்க்கிறார், அதிலும் மங்கல்தான். நீளம் கூடக் கூடக் கலங்கலும் சேர்ந்தே பெரிதாகும், அதனால் இந்த நேரத்தில் 600க்கும் 400க்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். காலை ஆறரைக்கு 400 மி.மீ.யில் எடுத்த படம், பத்து மணிக்கு 600 மி.மீ.யில் எடுத்ததை எளிதாகத் தோற்கடிக்கும். பழவேற்காட்டில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம், அடுத்தது தூரம், லென்ஸ் மூன்றாவது.

பறவையின் வெண்மையும் பளபளக்கும் நீரும் சேர்ந்து கேமராவின் ஒளியளவைக் குழப்புவது தனிக் கதை. நீரில் மின்னும் ஒளிக்கேற்ப மீட்டர் படத்தை இருட்டாக்கும். அதைச் சரிசெய்யப் போய் ஏற்றினால் சிறகின் வெள்ளை வெளுத்துவிடும்.

காலை 11.00

பறவை முடிந்ததும் பையிலிருந்து குட்டி லென்ஸ் வெளியே வருகிறது. 24 மி.மீ., 35 மி.மீ. கழி ஊன்றித் தள்ளும் படகு, கரையில் உதறிக் காயவைக்கும் வலை, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், அவர்கள் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைப்பறி. இவற்றை எடுக்க நாலடி கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் பேச வேண்டும், பெயர் கேட்க வேண்டும், எடுக்கட்டுமா என்று அனுமதி கேட்க வேண்டும். 600 மி.மீ. இந்தச் சங்கடத்தை மிச்சப்படுத்துகிறது என்பதே அதன் மேல் வைக்கக்கூடிய நியாயமான புகார். தூரத்திலிருந்து திருடியது போன்ற முகங்கள் பல ஆல்பங்களில் இருக்கின்றன.

அகல லென்ஸுக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவு. 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்குப் பி.எஸ்.எல்.வி.-சி60 ஏறியது போன்ற இரவு ஏவுதல்களுக்கு முக்காலியும் 16 அல்லது 24 மி.மீ. லென்ஸும் போதும். ஷட்டரைச் சில நிமிடங்கள் திறந்து வைத்தால் நெருப்புக்கோடு வில்லாக வளைந்து நீரிலும் விழும். அன்று மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை இருக்கும். படக்காரர்களின் கொண்டாட்ட நாள் அவர்களுக்கு வருமானமில்லாத நாள்.

மாலை 4.30. திரும்பும் ரயில்

படங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகின்றன. ‘எந்த லென்ஸ்? செம ஷார்ப்’ என்று பதில்கள் வருகின்றன. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1,600 பிக்சலாகச் சுருக்கிவிடும். 6,000 பிக்சல் அகலப் படத்தில் 700 பிக்சலாக நின்ற பூநாரை 190க்கும் கீழே வந்துவிடுகிறது. அந்த அளவில் பழைய லென்ஸும் புது லென்ஸும் ஒன்றே. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பி, இரண்டையும் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அதுவும் ஒரே நேரத்தில், ஒரே பறவையை எடுத்ததாக இருந்தால்தான் பொருள் உண்டு. பகிர்வில் உருப்படியான வழி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளம். அங்கே படம் தேதியோடும் இடத்தோடும் பதிவாகி, பொங்கல் நாட்களில் 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் உதவுகிறது. லேசாக மங்கிய படமும் அங்கே செல்லும். சிறு பூநாரையா பெரும் பூநாரையா என்று அலகின் நிறம் தெரிந்தால் போதும்.

கருவியைப் பற்றிய இந்தக் கூடிப்பேச்சு சென்னைக்குப் புதிதில்லை. 1850களிலேயே இங்கே புகைப்படச் சங்கம் இருந்தது. ஆனால் கடையில் கிடைக்கும் லென்ஸோடு நின்றுவிடாதவர் மா. கிருஷ்ணன் (1912-1996), எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். ஒரு கேமராவின் உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் ஒட்டவைத்துத் தானே ஒரு பெரிய கேமரா செய்து, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். யானைகளை அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்.

இரவு 8.00. வீடு

உப்பு. ஏரிக்காற்றில் ஒரு நாள் நின்ற லென்ஸின் முன்கண்ணாடியில் மெல்லிய படலம் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் காற்றுப் பந்தால் ஊத வேண்டும், பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடைக்க வேண்டும். நீண்டு சுருங்கும் ஜூம்கள் ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்; 150-600களும் நிக்கான் 200-500உம் இந்த வகை. சோனி 200-600 உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆகும், வெளியே நீளாது. பழவேற்காட்டுக்கு இது அரை ஸ்டாப் ஒளியைவிடப் பெரிய அனுகூலம்.

ஈரத்தோடு பையிலேயே விட்டால் சில வாரங்களில் உட்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை கிளம்பும். அது கோட்டிங்கை அரித்துவிட்டால் எந்தச் சர்வீஸ் கடையாலும் பழையபடி ஆக்க முடியாது. செகண்ட்ஸில் வாங்குகிறவர் லென்ஸைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். டிரை கேபினட் இல்லாதவர் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஒரு சின்ன ஈரப்பத மானியும் போட்டு வைக்கிறார். முள் 45க்குப் பக்கம் நிற்க வேண்டும். ஏரியிலிருந்து வந்த இரவில் டப்பாவைத் திறந்து லென்ஸை வைத்தவுடன் அது 70ஐத் தாண்டும். மூடிவிட்டால் காலைக்குள் மெல்ல இறங்கிவிடும்.