நிழலுக்கும் நிபுணர் வேண்டும்

சென்ற மாதம் நமது நண்பர் ஒருவர் பெரிய காகிதச் சுருள் ஒன்றுடன் வந்து சேர்ந்தார். அவருடைய ஊர்ப் பூங்காவில் இருபதடி உயரத்தில் ஒரு சூரிய கடிகாரம் கட்டப்போகிறார்களாம். லண்டனில் அச்சான ஒரு புத்தகத்திலிருந்து எடுத்த படம் அது. பார்க்க வெகு அழகாக இருந்தது.

"இதில் யாரைக் கேட்க வேண்டியிருக்கிறது? ஒரு கம்பம், ஒரு நிழல், பன்னிரண்டு கோடுகள்! கொத்தனாருக்குப் பத்து நாள் வேலை" என்றார் நண்பர்.

நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். நம் கர்வத்தை அடக்கியது ஜெய்ப்பூர். அங்கே ஜந்தர் மந்தரில் ஏறக்குறைய 27 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் சாம்ராட் யந்திரத்தின் முன் ஒரு பிப்ரவரி மாத நடுவில் நின்றோம். நம் கைக்கடிகாரத்தில் மணி சரியாகப் பன்னிரண்டு. நிழலோ பதினொன்றே கால் மணியைத்தான் சற்றே தாண்டியிருந்தது. "பாவம், ராஜா ஏமாந்துவிட்டார்!" என்று சிரித்தோம். ஏமாந்தவர் ராஜா அல்ல, நாமே என்பது பிறகுதான் விளங்கிற்று. இந்தியா முழுவதற்கும் பொதுவான மணிக்கும் ஜெய்ப்பூரின் சொந்த மணிக்கும் சுமார் 27 நிமிஷம் வித்தியாசம். அத்துடன் பிப்ரவரியில் சூரியன் மேலும் 14 நிமிஷம் பின்தங்குகிறான். நவம்பர் தொடக்கத்திலோ 16 நிமிஷம் முந்திக்கொள்கிறான். இதற்கான திருத்த அட்டவணை பக்கத்தில் இல்லையேல், சரியான கடிகாரமும் பொய்யன் என்றே பெயரெடுக்கும்.

அதைக் கட்டிய சவாய் ஜயசிங் தாமே ஜோதிட கணிதம் கற்றவர். ஆயினும் ஜகந்நாத பண்டிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். போர்ச்சுகலுக்கு ஆள் அனுப்பி ஐரோப்பியக் கணித அட்டவணைகளையும் தருவித்தார். அறிந்தவரே பிறரைக் கேட்டார். அறியாத நாம் கேட்க வெட்கப்படுகிறோம்!

கேளாததன் பலனை ரோமாபுரி கண்டது. கி.மு. 263-இல் சிஸிலித் தீவின் கட்டானா நகரிலிருந்து ஒரு சூரிய கடிகாரத்தை வெற்றிப் பொருளாகக் கொண்டுவந்து பொது இடத்தில் நிறுத்தினார்கள். கட்டானா ரோமுக்குத் தெற்கே நாலு பாகைக்கு மேல் தள்ளி இருப்பது. அவ்வூருக்கென்று வரைந்த கோடுகள் ரோமில் பொருந்துமா? ஆயினும் 99 வருஷம் அந்தத் தவறான மணியையே நம்பி அந்நகர மக்கள் காலம் கழித்தார்கள்.

நாலு பாகைக்கே இந்தக் கதி. நண்பரின் படத்திலுள்ள சாய்வுக் கம்பமோ லண்டனுக்கேற்ப ஐம்பத்தொன்றரைப் பாகை சாய்ந்தது. துருவத்தை நோக்க வேண்டிய அக்கம்பம் தமிழ்நாட்டில் இடத்துக்குத் தக்கபடி எட்டு முதல் பதின்மூன்றரைப் பாகை வரையில்தான் எழும்ப வேண்டும். மேலும், கடிகாரம் பெரிதாகப் பெரிதாக நிழலின் விளிம்பு மங்கிப் பரவும். சூரியன் ஒரு புள்ளியல்ல, வட்டமல்லவா? ஜெய்ப்பூரில் அந்த மங்கல் சில அங்குல அகலம் இருக்கிறது. உயரம் கூட்டினால் மட்டும் நுட்பம் கூடிவிடாது.

வீட்டுத் தோட்டத்தில் பிழை நேர்ந்தால் நஷ்டம் நமக்கு மட்டுமே. பொது இடத்தில் நிற்பது ஊரார் வரிப்பணம். அதன் முன் நின்று மணி பார்க்கக் கற்பவை ஊர்க் குழந்தைகள். காகிதத்தில் உள்ள பிழையை அழித்துவிடலாம். கல்லில் வெட்டிய பிழை பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். ஆகவே அடிக்கல் நாட்டுமுன் வான சாஸ்திரம் அறிந்த ஒருவரைக் கேட்பதே முறை என்றோம்.

நண்பர் சுருளை மெதுவாகச் சுற்றினார். "அவருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கும்?" என்றார்.

"எவ்வளவானாலும் இடித்துக் கட்டும் கூலியைவிடக் குறைவுதான்" என்றோம்.