இரணைமடுக் கணக்கு

இரணைமடுத் தண்ணியைப் பற்றி எங்களுக்குள் கதை தொடங்கினால் லேசில் முடியாது. எங்களில் பாதிப்பேர் கிளிநொச்சிப் பக்கம். வீட்டில் சிறுபோகம் செய்கிறவர்கள். மற்றப் பாதி யாழ்ப்பாணம். கிணறு உவர்ப்பதையும் தோட்டத்துப் பசளை சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்கிக் குடிதண்ணியில் கலப்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள். குளத்துத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகும் திட்டம் வந்த நாளில் இருந்து நடந்த இழுபறி எங்களுக்குள்ளும் இருக்கிறது.

அந்த இழுபறியில் இரண்டு பக்கமும் சொன்ன வசனம் ஒன்றுதான்: "விஞ்ஞானரீதியா ஆராய்ந்து முடிவெடுக்க வேணும்." சரி, விஞ்ஞானம் என்னதான் செய்யும் எண்டு பார்ப்பம் என்று ஆற்றுப் படுகைகளுக்கான கணினி மாதிரிகளைப் படிக்கத் தொடங்கினோம்.

மாதிரி என்பது பெரிய மாயம் இல்லை. வரவு செலவுக் கொப்பிதான். கனகராயன் ஆற்றுப் படுகையில் விழும் மழை வரவு. அதில் மண் குடித்தது, காடு குடித்தது, வழியில் உள்ள சின்னக் குளங்கள் மறித்தது போக மிச்சம் இரணைமடுவுக்கு. வாய்க்காலில் விடுவது, வான் பாய்வது, ஆவியாவது எல்லாம் செலவு. ஆவியாவதை லேசாக நினைக்க வேண்டாம். ஒரு சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்பில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் போனாலே 50 இலட்சம் லீற்றர்.

கணினியின் கெட்டித்தனம் வேறு இடத்தில். கடந்த 30 வருட மழையை இன்றைய குளத்துக்குள் ஊற்றி, "இவ்வளவு ஏக்கர் சிறுபோகமும் இவ்வளவு குடிதண்ணியும் எண்டால் எத்தனை வருசம் தாங்கும்?" என்று கேட்கலாம். சராசரியை வைத்துக் கதைப்பதை விட இது எவ்வளவோ நல்லது. 2018 டிசம்பரில் வான்கதவுகளைத் திறந்துவிட வேண்டிய அளவுக்குத் தண்ணி வந்தது. கடலுக்குப் போன அந்தத் தண்ணி சராசரியைக் கூட்டும். ஆனால் மழை பிழைத்த வருடத்தில் ஒரு வயலையும் நனைக்காது.

ஆனால் மாதிரியை நம்புவதற்குப் பழைய பதிவு வேண்டும். பத்து வருடத்தை வைத்து அதைத் திருத்தி, வேறு பத்து வருடத்தை வைத்துச் சோதிக்க வேண்டும். வன்னியில் போர்க்காலப் பதிவுகள் அறுந்து கிடக்கின்றன. சரி, ஊர் ஆக்களின் ஞாபகத்தைக் கேட்போம் என்று போனால், எந்த வருடம் வான் பாய்ந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த ஐயா ஒருவர் திடீரென்று நிறுத்தினார். "அந்த வருசம் நாங்கள் இடம்பெயர்ந்து போட்டம் பிள்ளையள். குளத்தை ஆர் பாத்தது?" கணினிக்கும் எங்கட சனத்துக்கும் ஒரே இடத்தில்தான் ஞாபகம் அறுந்திருக்கிறது. அந்த ஓட்டைகளைப் பக்கத்து நிலையங்களின் மழையை வைத்து நிரப்பலாம். அது முறையான வழிதான். நிரப்பியது எது, அளந்தது எது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இனி, விடை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 30 இல் 24 வருடம் தாங்குமாம். அப்ப மிச்சம் 6 வருடமும் ஆற்ற வயல் காயிறது? ஆற்ற குழாய் நிக்கிறது? இதை எந்த மென்பொருளும் சொல்லாது. எங்கள் நாட்டில் இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. தண்ணி குறைந்த போகத்தில் குளத்துக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் எல்லாருமாகப் பங்கிட்டுச் செய்வார்கள். சிங்களத்தில் பெத்ம என்பார்கள். மழையைக் கூட்ட அதனால் முடியாது. இழப்பைப் பங்குபோட முடியும்.

2024 இல் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தாயிற்று, இனி என்ன கதை என்று சிலர் கேட்கலாம். அடுத்த வறட்சியில் இதே கேள்வி வேறு குளத்தில் வரும், வேறு இரண்டு ஊருக்கு இடையில்.

அதனால் நாங்கள் கேட்பது இதுதான். மாதிரி அறிக்கைக்குள் ஆங்கிலத்தில் படுத்துக் கிடக்கக் கூடாது. சிறுபோகக் கூட்டத்தில் திரை கட்டி, தமிழில், எல்லாருக்கும் முன்னால் ஓட வேண்டும். "அந்த ஏக்கரைக் குறைச்சுப் போட்டுக் காட்டுங்கோ தம்பி" என்று கமக்காரர் கேட்டால் உடனே மாற்றிக் காட்ட வேண்டும். தண்ணி கேட்கும் ஊர்க்காரரும் அதே கூட்டத்தில் இருக்க வேண்டும். தாங்காத வருடத்தில் யாருக்கு என்ன நட்டஈடு என்பது மழைக்கு முதலே எழுதப்பட வேண்டும்.

எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவு வரவில்லை. ஆனால் இப்போது சண்டை "தண்ணி இருக்கு", "தண்ணி இல்லை" என்பதில் இல்லை. அந்த ஆறு வருடத்தைப் பற்றித்தான் கதைக்கிறோம்.