வெனிஸ்னு நினைச்சு இறங்கிட்டோம்!

வீட்ல இன்சுலின் போடுறவங்க இருந்தா இதை முழுசா படிங்க.

ஃப்ளோரன்ஸ்ல இருந்து வெனிஸுக்கு ரயில், 2 மணி நேரப் பயணம். மதிய சாப்பாட்டைப் பிரிக்கப் போறோம்னு அப்பா இன்சுலின் போட்டுட்டு டாய்லெட் போனார். அப்போ 'வெனேசியா மெஸ்த்ரே'ன்னு அறிவிப்பு. அப்பா பின்னாடியே வருவார்னு நானும் அம்மாவும் பெட்டிகளோட இறங்கிட்டோம். கதவு மூடிடுச்சு.

மெஸ்த்ரே கரைப்பக்க ஊர். நாம படத்துல பார்க்கிற வெனிஸுக்கு, கடல் பாலம் தாண்டி அடுத்த ஸ்டேஷனான சான்டா லூசியாவில்தான் இறங்கணும். 10 நிமிஷம்தான். ஆனா அவர் போட்ட இன்சுலின் 15 நிமிஷத்துல வேலையைத் தொடங்கிடும். சாப்பாடு, குளுக்கோமீட்டர், அவர் போன் எல்லாம் என் பையில்.

அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தா, பெஞ்சில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். கை நடுங்குது, வாயில் ஆரஞ்சு மிட்டாய்.

"உங்கம்மா சட்டைப்பையில போட்டு வச்சதுப்பா."

டெஸ்ட் பண்ணினேன், 68. டாக்டர் நான், யோசிச்சது அம்மா.

மிட்டாய், போன், மருந்துச் சீட்டு மூணும் நோயாளியோட பாக்கெட்டில் இருக்கணும், உங்க பையில் இல்ல. படபடப்பு, வியர்வை வந்தா உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை; 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட். முக்கியமா, சாப்பாடு கண்ணு முன்னாடி வந்த பிறகுதான் ஊசி.