முதலில் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்களேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "என் ஃபைல் எல்லாம் போயிடுமா?" என்பதுதான். விலை என்ன, வேகம் எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். அந்தப் பயம் நியாயமானது. பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், பல வருட வரவுசெலவுக் கணக்கு எல்லாம் இருக்கிற பெட்டி அது. தெரியாத ஒன்றை நம்பி அதைத் திறந்து கொடுக்க யாருக்கு மனம் வரும்?

அந்தப் பயத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு பென் டிரைவ். லினக்ஸ் வகைகளான உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ அதில் எழுதிவைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எஃப்12 போன்ற ஒரு விசையைத் தட்டி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொன்னால் போதும். சற்று நேரத்தில் முழு இயங்குதளமும் திரையில் வந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் இருக்கும், லிபர்ஆபீஸ் இருக்கும். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கும். தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்த தமிழ் அது. ஹார்டு டிஸ்க்கில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. இப்படி நிறுவாமலே ஓட்டுவதை 'லைவ்' என்பார்கள்.

இது எப்படி முடிகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் இன்னும் குறையும். பென் டிரைவில் இருப்பது இறுக்கிச் சுருக்கிய ஒரு கோப்பு. அதை வாசிக்க மட்டும்தான் முடியும், திருத்த முடியாது. ஆனால் ஓடுகிற இயங்குதளம் நொடிக்கு நொடி எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கும். அந்த எழுத்தெல்லாம் ராம் நினைவகத்தில் விரித்த ஒரு மேலடுக்குக்குப் போய்விடுகிறது. வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரைப் போட்டு அதில் கோடு இழுப்பது போல. பயன்படுத்துகிறவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். அணைத்தால் மேலடுக்கு போய்விடும், அடியில் இருந்தது அப்படியே இருக்கும். சேமித்தது நிலைக்க வேண்டும் என்றால் பென் டிரைவிலேயே அதற்கு ஓர் இடம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

சிடியிலிருந்தே லினக்ஸை ஓட்டும் யோசனை 1992-இல் வந்த இக்டிராசில் காலத்திலேயே உண்டு. சிடி டிரைவே அபூர்வமாக இருந்த காலம் அது, வேகமும் கிடையாது. அதைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் கிளவுஸ் க்னாப்பர் 2000-இல் வெளியிட்ட க்னாப்பிக்ஸ். ஏறத்தாழ 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி 700 எம்பி சிடி ஒன்றில் அடக்கினார். அதைவிடப் பெரிய சாதனையாக எனக்குப் படுவது வேறு. அந்த நாட்களில் லினக்ஸ் போடுகிறவர் மானிட்டரின் அதிர்வெண் எண்களைத் தேடிப்பிடித்துத் தானே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. க்னாப்பிக்ஸோ எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் அதன் வீடியோ கார்டு எது, சவுண்டு கார்டு எது, நெட்வொர்க் கார்டு எது என்று தானே விசாரித்துத் தெரிந்துகொண்டது. பின்னாளில் பார்வைக் குறைபாடுள்ளவர்கள் பேச்சொலி வழியாகவே பயன்படுத்தக்கூடிய ஒரு வடிவத்தையும் அதில் சேர்த்தார். அதற்கு வைத்த பெயர் அட்ரியானே. பார்வைக் குறைபாடுள்ள அவருடைய மனைவியின் பெயர் அது.

இதையெல்லாம் செய்ய அவர் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. லினக்ஸ் கருவை லினஸ் டோர்வால்ட்ஸ் 1992-இலேயே ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார். எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். ஆஸ்திரேலியாவின் பாரி கவ்லர் 2003-இல் பப்பி லினக்ஸைத் தொடங்கி, முழுவதும் ராமிலேயே உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு அதைச் சிறிதாக்கினார். கம்ப்யூட்டருக்கு ஓர் உரிமம் என்று கணக்குப் பார்த்து விற்கும் நிறுவனத்திடம் இந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது. வாங்குவதற்கு முன்பே முழுதாகப் புழங்கிப் பாருங்கள் என்று சொல்வது பெரிய மரியாதை என்று நினைக்கிறேன். கட்டற்ற மென்பொருளைப் பற்றி எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன்; இந்த ஒரு செயல் சொன்ன அளவுக்கு எதுவும் எனக்குச் சொல்லவில்லை.

2004 அக்டோபரில் உபுண்டு வந்தபோது இந்த மரியாதை வீட்டு வாசலுக்கே வந்தது. முகவரி எழுதிக் கொடுத்தால் அஞ்சல் செலவைக்கூட அவர்களே ஏற்றுச் சிடி அனுப்பினார்கள். ஓர் அட்டை உறைக்குள் இரண்டு சிடி: ஒன்று நிறுவ, மற்றொன்று நிறுவாமல் பார்க்க. நம் ஊரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த காலம். 600, 700 எம்பியை யார் இறக்கிக்கொண்டிருப்பார்கள்? அந்த உறையைக் கையில் வாங்கியபோது, முகம் தெரியாத யாரோ என்னை நம்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று தோன்றியது. 2006-இல் வந்த 6.06 பதிப்பிலிருந்து இரண்டு வேலையையும் ஒரே சிடி பார்த்துக்கொண்டது. பார்த்துப் பிடித்திருந்தால் அங்கிருந்தே நிறுவலாம். 2011-இல் அஞ்சல் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

லைவ் பென் டிரைவ் வெறும் வெள்ளோட்டத்துக்கு மட்டுமல்ல. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மடிக்கணினி ஒருநாள் தொடக்கத்திலேயே நின்றுபோனது. பழுதுபார்க்கும் கடையில் எல்லாவற்றையும் அழித்துத்தான் சரிசெய்ய முடியும் என்று சொல்லிவிட்டார்களாம். "பேத்தி படம் மட்டுமாவது கிடைக்குமா தம்பி?" என்று கேட்டார். "பார்த்துடலாம் டீச்சர்" என்று பென் டிரைவைச் செருகினேன். ஹார்டு டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்த இயங்குதளம் மட்டுமே கெட்டிருந்தது. படங்கள் அடங்கிய ஃபோல்டரைத் திறந்து காட்டியதும், ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்த பிறகுதான் மற்ற வேலை.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. லைவில் இருக்கும்போது ஹார்டு டிஸ்க்கைத் திறக்க முடியும் என்றால், அங்கிருக்கும் கோப்பை அழிக்கவும் முடியும். அந்த அழிப்பு உண்மையானது. அணைத்துப் போட்டால் திரும்பாது. நிறுவும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும். பென் டிரைவ் வைத்திருக்கும் வேறொருவரும் உங்கள் கோப்புகளை இப்படிப் பார்க்கலாம். டிஸ்க்கை மறையாக்கம் செய்திருந்தால் மட்டுமே திறவுச்சொல் இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது.

இப்போது இதன் தேவை கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப்பும் புதிய பிராசஸரும் பல பழைய கம்ப்யூட்டர்களில் இல்லை. 4 ஜிபி ராம் உள்ள பெட்டியைக் குப்பைக்கு அனுப்புமுன் ஒரு மாலை நேரத்தைக் கொடுங்கள் என்று கேட்கிறேன். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் பேசுகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். வேகத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பென் டிரைவிலிருந்து ஓடுவது எப்போதும் கொஞ்சம் மந்தம்தான்.

எல்லாருக்கும் ஒத்துவரும் என்றும் சொல்ல மாட்டேன். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் டிடிபி கடைக்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். அரைமணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா என் வேலை பூரா பேஜ்மேக்கர்லதான். பழைய ஃபாண்ட்ல அடிச்ச ஃபைல் ஆயிரக்கணக்குல கிடக்கு" என்றார். அவர் சொன்னது சரி. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்ததையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தால் கடையை யார் பார்ப்பது? பென் டிரைவைக் கழற்றி மறுபடி ஆன் செய்தார். பாதியில் விட்ட பத்திரிகையை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். பில் போட மட்டும் வைத்திருந்த பழைய பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. அதில் அடுத்த வாரம் போட்டுப் பார்க்கலாமா என்று அவராகவே கேட்டார்.