ஐந்து மாத்திரைகள்

நமக்கு இரத்த அழுத்தம் உண்டென மருத்துவர் கண்டறிந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நாள்தோறும் காலையில் 5 மில்லிகிராம் அம்லோடிபின் மாத்திரை ஒன்று. மாதத்திற்கு மூன்று அட்டைகள். கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் பையன் கொண்டுவந்து தருவான். பணம் பங்குக் கணக்கிலிருந்து போய்விடும். விலை என்னவென்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இல்லச் சந்திப்பின்போது அதே நோயுள்ள மூதாட்டி ஒருவரைக் காண்பது வழக்கம். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், அம்மா" என்று ஒவ்வொரு முறையும் அறிவுரை கூறுவோம். அவரும் தலையசைப்பார்.

ஒருநாள் பையன் வராததால் நாமே மருந்துக் கடைக்குச் சென்றோம். நமக்கு முன்னே அவர் நின்றிருந்தார். சீட்டில் எழுதப்பட்டிருந்தவை முப்பது. அவரோ முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணிவிட்டு, "அஞ்சு மட்டும் வெட்டிக் குடு தம்பி" என்றார். திரும்பியவர் நம்மைக் கண்டதும் மாத்திரையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "தலை சுத்துனா மட்டும் போட்டுக்கிறேன், சாமி" என்றார், தவறு செய்துவிட்ட குழந்தையைப் போல.

வலிக்கும் நோய்க்குக் கடன் வாங்கியேனும் செலவு செய்கிறோம். இரத்த அழுத்தமோ பெரும்பாலும் வலிப்பதில்லை. ஓசையின்றி மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ஆகவே அரிசிக்கும் மாத்திரைக்கும் போட்டி வந்தால் மாத்திரையே தோற்கிறது. அந்தத் தோல்வியைத்தான் நாம் இத்தனை காலமும் அலட்சியம் என்று எண்ணியிருந்தோம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இம்மாத்திரைகள் இல்லத்திற்கே வந்து இலவசமாகத் தரப்படுகின்றன. அவர் பெயர் அதில் பதிவாகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதியச் செய்தோம். மாத்திரை வந்தது, நம்பிக்கை வரவில்லை. "இனாமாக் குடுக்கிறது கேக்குமா, சாமி?"

கடையில் வாங்கிய அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்துக் காட்டினோம். ஒன்றில் நிறுவனம் சூட்டிய பெயர். அத்துடன் மருந்தின் பெயர். மற்றொன்றில் மருந்தின் பெயர் மட்டுமே. மருந்தும் ஒன்று, அளவும் ஒன்று. பொறுமையாகக் கேட்டவர், "நீங்களும் இதையா சாப்பிடுறீங்க?" என்றார்.

நாம் விடையின்றித் திரும்பினோம்.

மறுமாதம், மருத்துவரின் இசைவுடன், நகரிலுள்ள மக்கள் மருந்தகத்திற்குச் சென்றோம். மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரில் குறைந்த விலைக்கு விற்க மைய அரசு 2008-இல் தொடங்கிய திட்டத்தின் கடை அது. முதன்முறையாக விலையைக் கேட்டோம்; நம் சொந்தப் பணத்தைக் கொடுத்தோம். பங்குக் கணக்கிலிருந்து இதுவரை சென்றதில் அது ஒரு சிறு பகுதியே.

நோயாளியிடம் "மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்பது எளிது. "மருந்து வாங்க முடிகிறதா?" என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதை அந்தக் கடை வாசலில்தான் கற்றோம்.

நம் புதிய அட்டையுடன் அவர் இல்லம் சென்றோம். பார்த்தார், சிரித்தார், உள்ளே சென்று தம் அட்டையை எடுத்து வந்தார். அன்று மாதத்தின் ஏழாம் நாள். முதல் நாளன்று பிரித்த அந்த அட்டையில் ஏழு குழிகள் வெறுமையாக இருந்தன.