200 கி.மீ. சைக்கிள் பயணமா? முதலில் புதுக்கோட்டை அக்காக்களைக் கேளுங்கள்!

200 கிலோமீட்டர். பதின்மூன்றரை மணி நேரம். டீ குடிப்பது, பஞ்சர் பார்ப்பது, புளியமர நிழலில் காலை நீட்டி உட்காருவது எல்லாமே இந்த நேரத்துக்குள் அடக்கம். சைக்கிள்காரர்கள் சுருக்கமாக 'பி.ஆர்.எம்.' என்று சொல்லும் நெடுந்தூரப் பயணத்தின் முதல் படி இதுதான். பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிகளின்படி இந்தியாவிலும் நடக்கிறது. இது போட்டி இல்லை. முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு 15 கி.மீ. கூட வரவில்லை. ஸ்கூலுக்கு லேட்டான பிள்ளை இதைவிட வேகமாக மிதிக்கும். பிறகு ஏன் முதல் முறை போகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது? வேகத்தால் அல்ல. விடியும் முன் ஏறி உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை அதே சீட், அதே ஹேண்டில்பார், அதே ரோடு. அதை நினைத்துத்தான்.

எப்படித் தயாராவது என்று யூடியூபில் தேடினால் முதல் வீடியோவே சைக்கிள் விலையில்தான் ஆரம்பிக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கதை வேறு இடத்தில் ஆரம்பித்தது.

1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எழுத்தறிவு வகுப்புகளை நடத்தும் பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ்ஸோ எப்போதாவதுதான் வரும். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார். பெண்கள் சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடானது. 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் 1996-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒன்றரை வருடத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியதாக எழுதுகிறார். கல் குவாரித் தொழிலாளி, விவசாயக் கூலி, அங்கன்வாடி ஊழியர், நர்ஸ், டீச்சர் என்று அதில் எல்லோரும் உண்டு.

லேடீஸ் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை. பரவாயில்லை என்று ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் போனது. முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! குழந்தை முன்னால், சாமான் பின்னால், நடுவில் சேலையோடு ஓட்டுகிறவர். எடை குறைந்த சைக்கிளுக்காக லட்சம் ரூபாய் செலவழிக்க நினைப்பவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

அவர்களுக்குக் கிடைத்தது வேகம் மட்டுமல்ல, நேரமும்தான். விளைந்ததைப் பக்கத்து ஊரில் விற்கப் போகிறவர் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். போக ஆள் வேண்டும், வர ஆள் வேண்டும். பொழுது சாய்வதற்குள் ஓடிவந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். சைக்கிள் வந்ததும் கிளம்பும் நேரத்தைத் தானே முடிவு செய்தார்கள். கேலிப் பேச்சு இருந்தது, மோசமான பேச்சும் இருந்தது. பயிற்சியை ஊர்த் திடலில் கூட்டமாக நடத்தியதால் யாரும் தனியாக மாட்டிக்கொள்ளவில்லை.

இன்று அதே மாவட்டத்தில் ஓர் இளம்பெண் 200 கி.மீ. போக ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் வலியை விடப் பெரிய கேள்வி அவள் வீட்டில் காத்திருக்கும். 'ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கே போறே? யார்கூட?' பயிற்சிக்கு ஒரு ஞாயிறு போதாது, இரண்டு மூன்று மாத ஞாயிறுகள் வேண்டும். அந்த நாட்களில் அடுப்படி யார் பொறுப்பு என்பதை முதல் வாரமே பேசி முடித்துவிட வேண்டும். கூடவே வர ஒரு தோழியையாவது பிடிக்க வேண்டும். எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இது இருக்காது. ஆனால், பலர் கைவிடுவது இங்கேதான்.

மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். சீட் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. சீட் தாழ்ந்திருந்தால் இருபது கிலோமீட்டரில் தெரியாத வலி எண்பதில் தெரியும். பேட் வைத்த ஷார்ட்ஸ் போட்டால் உள்ளே வேறு உள்ளாடை வேண்டாம், தையல் உரசிப் புண்ணாகிவிடும். எந்தப் புதுப் பொருளையும் பயண நாளன்று முதல் முறையாகப் பயன்படுத்தாதீர்கள், செருப்பு உட்பட!

சாப்பாடு விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை. வாழைப்பழம், கடலை மிட்டாய், புளிசாதம் போதும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று நினைத்தால்தான் சிக்கல், அதற்குள் கால் சோர்ந்துவிடும். மணிக்கு ஒருமுறை கொஞ்சம் வாயில் போடுங்கள். புதுக்கோட்டை வெயிலில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறையும். உப்பு போட்ட மோரோ, ஓ.ஆர்.எஸ். கரைசலோ அவசியம். ஹெல்மெட், முன்னும் பின்னும் லைட், ஸ்பேர் டியூப், பம்ப் இல்லாமல் கிளம்பக் கூடாது. டியூப் மாற்றுவதை வீட்டு வாசலில் இரண்டு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள். நடுரோட்டில் முதல் முறை செய்தால் அரை மணி நேரம் போய்விடும்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். சித்திரை, வைகாசியைச் சொல்லவே வேண்டாம். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மீமிசல் பக்கம் கடற்கரைக்குப் போகும்போது முதுகில் தள்ளிவிடும். 'அட, நாம இவ்வளவு வேகமா!' என்று சந்தோஷப்பட்டுவிட்டு, களைத்துப்போய்த் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். தை, மாசிதான் தோதான மாதங்கள்.

ஆரம்பிக்க நார்த்தாமலை போதும். புதுக்கோட்டையிலிருந்து போய்த் திரும்பினால் முப்பத்தைந்து கிலோமீட்டர் பக்கம் வரும். சில வாரம் கழித்து அறந்தாங்கி, போக வர எழுபது. 100 கி.மீ. முடித்தும் பேச்சுக் கொடுக்கத் தெம்பிருந்தால், 200-க்குப் பெயர் கொடுக்கலாம். அறந்தாங்கி போய் வந்த மறுநாள் காலை நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையா, சீட்டை மாற்றுங்கள். முடிகிறதா, அடுத்து மீமிசல்!