3.8 வோல்ட்

அப்பாவின் வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் பளபளவென்று இருக்கும். யாராவது கேட்டால், "பையனோட பொம்மைக் கார்" என்று மட்டும் சொல்வார். நான் மெல்ல அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவேன்.

அப்பா கோயம்புத்தூரில் பேட்டரிக் கடை வைத்திருந்தவர். லாரி, டிராக்டர், இன்வெர்ட்டர் என்று எல்லாமே லெட் ஆசிட் பேட்டரிகள். "பேட்டரியும் மாடும் ஒண்ணு கண்ணு, வயிறு நெறஞ்சிருந்தாத்தான் உழைக்கும்" என்பார். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எடுப்பார். அந்த பேட்டரிக்கு அதுதான் சரி. அரைகுறை சார்ஜில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். நானும் அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்தேன்.

கல்லூரி இரண்டாம் வருஷம் ரிமோட் கார் பைத்தியம் பிடித்தது. அசல் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. காலி மைதானத்தில் பைப்பை வளைத்து டிராக் போட்டு, ஐந்து நிமிட ரேஸ் விடுவோம். அதற்காகப் பழைய லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். 2எஸ், 5000 எம்ஏஎச், 100சி. அந்த '100சி'யைப் பார்த்துத்தான் மயங்கினேன்.

சி என்பது பேட்டரியின் கொள்ளளவைப்போல எத்தனை மடங்கு மின்சாரத்தை அது தரும் என்ற கணக்கு. 5000 எம்ஏஎச் என்றால் 5 ஆம்பியர் ஹவர். அதில் 100 மடங்கு 500 ஆம்பியர். அதிலிருந்து வெளியே வரும் ஒயரே அவ்வளவைத் தாங்காது. இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். மொத்த சார்ஜையும் ஐந்து நிமிஷத்தில் காலி செய்தால்கூட சராசரி 60 ஆம்பியர், அதாவது வெறும் 12சி. கிளம்பும்போதும் வளைவிலிருந்து முறுக்கும்போதும் கூடுதலாக இழுக்கும்தான். ஆனாலும் நேர்மையான 40சி, 50சி பேட்டரியே எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தாராளம். ஸ்டிக்கரை நம்புவதைவிட, நல்ல சார்ஜர் காட்டும் உள் மின்தடையை நம்பலாம். எல்லா செல்லிலும் அது குறைவாகவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். இதெல்லாம் பிறகு கற்றுக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் தலைகுப்புற விழுந்து பேட்டரியின் கெட்டி உறையில் கீறல் விட்டது. அடுத்த வாரம் உறை லேசாகப் புடைத்திருந்தது. உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்தால்தான் அப்படி உப்பும். நான் அதன் மேல் டேப் சுற்றினேன். டேப்!

அன்று ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்திலேயே சார்ஜில் போட்டேன். ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனிக்கிற பேலன்ஸ் ஒயரின் முனை வளைந்திருந்ததால் அதைச் செருகவில்லை. இரண்டு செல்லும் தலா 4.2 வோல்ட் வந்தால் மொத்தம் 8.4. ஆனால் அடிபட்ட செல் 3.9-இலேயே நொண்டினால், இன்னொன்று 4.5 வரை ஏறிவிடும். மொத்தம் அதே 8.4 தானே! பேலன்ஸ் ஒயர் இல்லாத சார்ஜருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

முதலில் மூக்கைத் தீட்டியது அப்பாதான். "டேய், என்னடா இது, பழம் அழுகுன மாதிரி இனிப்பா ஒரு வாசம்?" நான் அரைத் தூக்கத்தில், "ஒண்ணுமில்லப்பா" என்றேன். அப்பா ஒயரைப் பிடுங்கினார். பேட்டரி சீறத் தொடங்கியிருந்தது. அதைக் கையால் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். படியில் ஏறும்போதே தீ வந்துவிட்டது. மாடியில் அம்மா வைத்திருந்த மணல் தொட்டிக்குள் எறிந்தார். அங்கே கொஞ்ச நேரம் எரிந்து அடங்கியது.

அதைத் தூக்கியிருக்கக் கூடாது. அந்தப் புகை நஞ்சு. எல்லாரையும் வெளியேற்றிவிட்டு விலகியிருக்க வேண்டும். ஆனால் அறைக்குள் நான் படுத்திருந்தேன். அப்பா வேறென்ன செய்வார்?

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோது அவர் திட்டவில்லை. "என் கடை பேட்டரி மாதிரியே நெனச்சுட்ட, இல்ல?" என்றார். திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

இப்போதும் ரேஸ் விடுகிறேன். சார்ஜ் போடுவது மாடியில், தீ தாங்கும் பைக்குள், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர், அதற்கு மேல் இல்லை. பேலன்ஸ் ஒயர் இல்லாமல் இல்லவே இல்லை. ஓடும்போது செல்லுக்கு 3.3 வோல்ட்டில் கார் தானாக மெதுவாகிவிடும்படி வைத்திருக்கிறேன். 3-க்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும். உப்பியது, கீறல் விட்டது எதற்கும் மறுவாய்ப்பு கிடையாது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

அப்பாவுக்குப் புரிய நாளானது ஒரே விஷயம்தான்: இந்த பேட்டரியை நிறைய வைத்திருக்கவும் கூடாது, காலியாக வைத்திருக்கவும் கூடாது. ஓடாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட், ஏறக்குறைய பாதி வயிறு. "பாதி வயித்துலயா தூங்கும்?" என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு ரேஸ் முடிந்து வந்து குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அப்பா தன் பழைய மல்டிமீட்டரோடு பேட்டரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முதல் செல்லில் வைத்தார். 3.81. இரண்டாவதில் வைத்தார். 3.82.

"செரி, தூங்கட்டும்" என்று எழுந்து போனார்.